அரக்கோணம் ராஜாளியில் நிற்கும் டியு-142 விமானத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

அரக்கோணம் வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். அரக்கோணம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் யாரைக் கேட்டாலும், நீர்மூழ்கிகளைத் தேடப் பறந்த கடற்படையின் டியு-142 விமானத்தைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் சத்தம் தெரியும். இங்குள்ள கடற்படை விமான தளமான ஐஎன்எஸ் ராஜாளி 1992 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கோவாவிலிருந்து இந்த விமானங்கள் இங்கே வந்துவிட்டன. 2017 மார்ச் 29 அன்று கடற்படை இவற்றுக்கு விடைகொடுக்கும்வரை கால் நூற்றாண்டு எங்கள் தலைக்கு மேலேதான் பறந்தன. ஜெட் மாதிரி சீறிக்கொண்டு வந்து மறைகிற சத்தம் இல்லை இது. முதலில் வகுப்பறை ஜன்னல் கதவு அதிரும். அப்புறம் தாழ்ந்த குரலில் ஓர் உறுமல் வந்து, விடாமல் ஊரையே நிரப்பிக்கொண்டு நிற்கும். பாடத்தை நிறுத்திவிட்டு, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

என் அப்பா ரயில்வேயில் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நைட் டூட்டி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். அந்தச் சத்தத்துக்கு அவர் எரிச்சல்பட்டு நான் பார்த்ததில்லை. லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். இன்ஜினோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு இன்னொரு இன்ஜின்மேல் வருகிற மரியாதை அது.

விடைகொடுத்த விழாவிலேயே ஒரு டியு-142 தளத்துக்குள் நிரந்தரமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அன்றைய கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லன்பா அதைத் திறந்துவைத்தார். சுழற்சி இயக்கம் பாடம் நடத்தும்போது, ஒரே அச்சில் எதிரெதிராகச் சுற்றும் ப்ரொப்பெல்லருக்கு இந்த விமானத்தைத்தான் உதாரணமாகச் சொல்வேன். போன வாரம் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அது நம்ம ஊர்லதானே நிக்குது, போய்ப் பாத்துட்டு வரலாமே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மாணவர்களை அழைத்துப்போக அனுமதி கிடைக்குமா, கிடைக்குமென்றால் யாருக்கு எழுத வேண்டும்? அப்பாவைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு ஏதாவது வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். காட்சிக்கு என்று வைத்த விமானத்தை, அதன் கீழேயே வாழ்ந்த ஜனங்கள் வருஷத்தில் ஓரிரு நாளாவது பார்க்க முடிய வேண்டும்.

வைசாக் தமிழன்:

வாத்தியாரே, அதே ரக விமானம் இங்கே விசாகப்பட்டினத்தில் கடற்கரைச் சாலையிலேயே நிற்கிறது. 2017 ஏப்ரலில் அரக்கோணத்திலிருந்து பறந்து வந்து இங்குள்ள கடற்படை விமான தளமான ஐஎன்எஸ் டேகாவில் இறங்கியது. பிறகு பிரித்து, சாலை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார். எதிர்ப்பக்கமே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் மியூசியம். ஒரே டிரிப்பில் இரண்டையும் பார்க்கலாம். நீர்மூழ்கியும், நீர்மூழ்கியைத் தேடிப்போன விமானமும் எதிரெதிரே நிற்பது வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காத காட்சி.

டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் உள்ளே ஏறலாம். தனிக் கூடத்தில் இன்ஜின், ப்ரொப்பெல்லர், நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கக் கடலில் போடும் சோனோபாய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் இறக்கைக்கு அடியில் குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இங்கே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் இருக்கிறேன்.

கிழக்குக்கரை:

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், எதிர்க்கருத்து ஒன்று. ராஜாளி இன்று என்ன வேலை செய்கிறது என்று யோசியுங்கள். பி-8ஐ கடல் ரோந்து விமானங்கள் 2013 முதல் அங்கிருந்துதான் பறக்கின்றன. 2020-ல் குத்தகைக்கு எடுத்த சீ கார்டியன் ட்ரோன்களும் அங்கேதான். வங்காள விரிகுடாவிலும் இந்தியப் பெருங்கடலிலும் யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்க்கும் கண் அது.

2011 மே மாதம் கராச்சியில் மெஹ்ரான் கடற்படை விமான தளத்துக்குள் சில பேர் புகுந்தார்கள். அவர்கள் குறிவைத்து அழித்தது பி-3 ஓரியன் ரோந்து விமானங்கள் இரண்டை. அதாவது பி-8ஐ செய்கிற அதே வேலையைச் செய்தவை. 2016 ஜனவரியில் நம் பதான்கோட் விமானப்படைத் தளத்திலேயே அப்படியொரு தாக்குதல் நடந்தது. இதற்குப் பிறகும் கேட்டைத் திறந்துவிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளிப் பிள்ளைகளை விடலாம். பொதுமக்களுக்கு என்று தேதி அறிவித்தால் வருகிற கூட்டத்தில் யார் யார் என்று எப்படிச் சலிப்பது? வைசாக்கில் ஒன்று இருக்கும்போது இங்கே ஏன் வம்பு?

ஆல்பட்ராஸ் 312:

வாத்தியார் சார், உங்க பதிவைப் படிச்சபிறகு பேசாம இருக்க முடியல. நான் கடற்படையில ஏர் மெக்கானிக்கா சேர்ந்து, சர்வீஸோட பெரும்பகுதியை டியு-142 ஓட்டின 312-ம் ஸ்குவாட்ரன்ல, இந்த விமானத்துக்கு அடியிலேயே கழிச்சவன். இப்போ ஆவடியில குடியிருக்கேன்.

முதல்ல உங்க ஜன்னலை அதிர வச்சது என்னன்னு பசங்களுக்குச் சொல்லுங்க. நாலு இன்ஜின், எல்லாம் குஸ்நெட்சோவ் என்கே-12. ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு இன்ஜினுக்கும் முன்னால ஒரே அச்சுல ரெண்டு ப்ரொப்பெல்லர், தலா நாலு பிளேடு. மொத்தம் 32 பிளேடு சார். முன்வரிசை காத்தை முறுக்கிப் பின்னால தள்ளும். பின்வரிசை எதிர்ப்பக்கம் சுத்தி அந்த முறுக்கை நேராக்கி, வீணாப் போற சக்தியையும் உந்துவிசையா மாத்திக் குடுக்கும். முன்வரிசை கலைச்சுவிட்ட காத்தைப் பின்வரிசை மறுபடி வெட்டும்போது எழும்புறதுதான் நீங்க கேட்ட அந்த உறுமல். திருப்புவிசை ஒண்ணையொண்ணு எப்படிச் சமன் பண்ணுதுன்னு கரும்பலகையில நீங்க போடுற படம், அங்கே ஆள் உயரத்துக்கும் மேல இரும்பா நிக்குது.

இறக்கை முனைக்கு முனை 50 மீட்டர். மே மாசத்து மத்தியானம் அரக்கோணம் டார்மாக் எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஷூ அடிப்பாகம் இளகி ஒட்டும். ஸ்பேனரை வெயில்ல வச்சுட்டா அப்புறம் துணி சுத்தித்தான் எடுக்கணும். இறக்கையோட நிழல் நகர நகர நாங்களும் டூல் பாக்ஸை நகர்த்திக்கிட்டே வேலை செய்வோம். விடியக்காலைல கிளம்பணும்னா எங்களுக்கு வேலை நடுராத்திரியிலேயே ஆரம்பம். ஆயில் பார்க்கணும், ஹைட்ராலிக் பார்க்கணும், டயர் பார்க்கணும், சோனோபாய் ஒவ்வொண்ணாத் தூக்கி உள்ளே ஏத்தணும். கனமான உருளை அது. விமானத்துலருந்து பாராசூட்ல இறங்கிக் கடல்ல மிதக்கும். அதுலருந்து ஒரு மைக் தண்ணிக்குள்ள இறங்கி, கீழே போற நீர்மூழ்கியோட சத்தத்தைக் கேட்டு ரேடியோ மூலமா மேலே அனுப்பும்.

இன்னொண்ணையும் பசங்களுக்குக் காட்டணும். வால் உச்சியில பின்பக்கமா நீட்டிக்கிட்டு ஒண்ணு இருக்கும். காந்தப்புல மாறுபாட்டைக் கண்டுபிடிக்கிற கருவி. அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் தண்ணிக்கு அடியில போனா, அந்த இடத்துல பூமியோட காந்தப்புலம் கொஞ்சம் கலையும். அந்தக் கலைச்சலைப் பறந்துக்கிட்டே பிடிக்கணும். விமானத்துல இருக்கற உலோகமும் மின்சாரமும் குழப்பக் கூடாதுன்னுதான் அதை வால்ல, எல்லாத்துக்கும் தள்ளி வச்சிருக்காங்க. பிளஸ் ஒன் பிள்ளைக்கு இது பத்து நிமிஷத்துல புரியும், நேர்ல நிறுத்திச் சொன்னா.

எட்டு விமானம் வாங்கினோம், 1988-ல கோவாவுக்கு வர ஆரம்பிச்சது. வந்த வருஷமே நவம்பர்ல, மாலத்தீவுல ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிச்ச நம்ம படை நடவடிக்கையில பங்கெடுத்தது. 29 வருஷம், சுமார் 30,000 மணி நேரம், ஒரு விபத்து கிடையாது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிருது. அந்த எண்ணுக்குப் பின்னால எங்களை மாதிரி எத்தனையோ பேரோட தூங்காத ராத்திரி இருக்கு.

கிழக்குக்கரை தம்பி சொல்ற பாதுகாப்புக் காரணம் உண்மை. மெஹ்ரான் நடந்த மறுநாள்லருந்து எங்க செண்ட்ரி டூட்டியே மாறிப்போச்சு. ஓடுற விமானம் நிக்கிற பக்கம் வெளியாள் ஒருத்தரும் வரக்கூடாது, அதுல நான் உங்க கட்சி. ஆனா காட்சிக்கு வச்ச விமானம் வேற விஷயம் தம்பி. அதுல ரகசியம் ஒண்ணும் மிச்சமில்ல. அதே விமானத்துக்குள்ள வைசாக்ல ஐஸ்க்ரீம் கையோட ஜனங்க ஏறி இறங்குறாங்க. அப்போ சிக்கல் விமானத்தைக் காட்டுறதுல இல்ல, அது நிக்கிற இடத்துக்கு ஜனங்களை எந்த வழியா கூட்டிட்டுப் போறதுங்கறதுலதான். அது வேலி, பஸ், ஆள் கணக்கு சம்பந்தப்பட்ட வேலை. கடற்படைக்கு இதெல்லாம் நல்லாவே செய்யத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை ஏர்போர்ட் மூடினப்போ பயணிகள் விமானம் எங்கேருந்து பறந்தது? ராஜாளியிலருந்து. குழந்தையும் பெட்டியுமா சாதாரண ஜனங்க பஸ்ல வந்து, அந்த ரன்வேயில விமானம் ஏறிப் போனாங்க. அவசரத்துக்கு நாலு நாள்ல செய்ய முடிஞ்சதை, திட்டம் போட்டு வருஷத்துக்கு ரெண்டு நாள் செய்ய முடியாதா?

ஜனங்க பார்க்கறது விமானத்துக்கும் நல்லது, இதை ஒரு மெக்கானிக்கா சொல்றேன். பறக்காத விமானம் சும்மா நின்னா கெடும். தண்ணி வடியற துவாரம் தூசியில அடைச்சுக்கும், உள்ளே மழைத்தண்ணி தங்கும், அலுமினியம் வெள்ளையாப் பொரிஞ்சு உதிரும். இன்டேக்கை மூடலைன்னா மைனா கூடு கட்டும். டயர்ல காத்து இறங்கி ரிம் தரையைத் தொடும். வருஷா வருஷம் கழுவி, அரிச்ச இடத்தைச் சுரண்டி, பெயிண்ட் அடிச்சாத்தான் நிக்கும். யாரும் பார்க்க வராத விமானத்துக்கு அந்த வேலை எப்பவும் லிஸ்ட்ல கடைசியிலதான் வரும். வர்றாங்கன்னு தெரிஞ்சா முன்னால வரும். அதுக்காக ஜனங்க வந்தா மட்டும் போதும்னு சொல்ல மாட்டேன். விமானம் தாங்கிக் கப்பல் பழைய விக்ராந்த் மும்பையில மியூசியமா இருந்து எத்தனை பேர் பார்த்தாங்க! பராமரிக்க முடியாம 2012-ல மூடி, 2014-ல உடைச்சுட்டாங்க. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. பார்வையாளரும் வேணும், பணமும் வேணும், பொறுப்பா ஒரு ஆளும் வேணும்.

இடத்தைப் பத்தி ஒண்ணு. கோவாவுல போக்மாலோவில் கடற்படை விமான மியூசியம் 1998-லருந்து இருக்கு. பக்கத்துலயே ஐஎன்எஸ் ஹன்சா கடற்படை விமான தளம் முழு வேகத்துல ஓடுது. மியூசியத்துக்குத் தனி வாசல், டிக்கெட் வாங்கினா உள்ளே போகலாம். டியு-142-க்கு முன்னாடி எங்க 312 ஓட்டின சூப்பர் கான்ஸ்டலேஷன் அங்கே நிக்குது. எங்களுக்கு முந்தின தலைமுறை வேலை செஞ்ச விமானத்தை யார் வேணும்னாலும் பார்க்கலாம். நாங்க வேலை செஞ்சதைப் பார்க்க மட்டும் அரக்கோணத்துக்காரர் வைசாக் வரைக்கும் ரயில் ஏறணுமா?

ஆர்.கே.புரம் வாசி:

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்துக்கு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் போவேன். கிழக்குக்கரைக்குப் பதிலும் அங்கேயே இருக்கிறது. பாலம் சாதாரணத் தளம் அல்ல. பிரதமர், குடியரசுத் தலைவர் பயணம் செய்யும் விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு அங்கேதான். அதன் ஓரத்தில் 1967 முதல் மியூசியம் நடக்கிறது, அனுமதி இலவசம். திங்கள், செவ்வாய் விடுமுறை. அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே போகலாம். ஹேங்கருக்குள் ஒரு வாபிட்டி நிற்கிறது. 1933-ல் நம் விமானப்படை நான்கே நான்கு விமானத்தோடு கராச்சியில் தொடங்கியபோது இருந்தது அந்த ரகம்தான். பக்கத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், நாட் போர் விமானங்கள். ஜப்பானியர்கள் தற்கொலைத் தாக்குதலுக்கென்று செய்த ஓகா ராக்கெட் விமானம்கூட இருக்கிறது. எவ்வளவு சின்னது என்று அதன் முன்னால் நின்றால்தான் உறைக்கும்.

எனக்கு அங்கே பிடித்தது லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நேச நாட்டுப் படைகள் இவற்றைக் கான்பூரில் கைவிட்டுப் போயின. யாரும் பயன்படுத்தக் கூடாதென்று வேண்டுமென்றே சேதப்படுத்தியும் வைத்தார்கள். எச்ஏஎல் (இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை) ஆட்கள் அந்தக் குவியலிலிருந்து தேறக்கூடியதைத் தேர்ந்தெடுத்து, ஒட்டுப்போட்டு, பெங்களூருக்குப் பறக்கவைத்து, முழுசாகச் சரிசெய்தார்கள். 1968 வரை அவை பறந்தன. விமானப்படையின் 6-ம் ஸ்குவாட்ரன் அவற்றில்தான் கடல் ரோந்து போனது. அதே ஸ்குவாட்ரனிடமிருந்துதான் சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் 1976-ல் கடற்படைக்குப் போய், ஐயாவின் 312 பிறந்தது. ஆக நம் கடல் ரோந்தின் கதை பாலத்தில் லிபரேட்டரில் தொடங்கி, கோவாவில் கான்ஸ்டலேஷனில் நடந்து, அரக்கோணத்துக்கு வருகிறது. முதல் இரண்டு அத்தியாயத்துக்கும் கதவு திறந்திருக்கிறது.

ஒரு யோசனை. அப்துல் கலாம் சென்னை குரோம்பேட்டை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் படித்தபோது, கல்லூரியில் வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில், மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் உட்கார்ந்திருப்பாராம். அவரே எழுதியிருக்கிறார். கடிதத்தில் இதைச் சேருங்கள் வாத்தியார் சார். படிக்கிற அதிகாரிக்குப் புரியும்.

கிழக்குக்கரை:

பாலம் விஷயம் நான் யோசிக்காத கோணம். தனி வாசல், தனி வேலி என்றால் எனக்கு மறுப்பில்லை. தளத்தின் நடுவழியாகக் கூட்டம் போவதைத்தான் எதிர்க்கிறேன், அதில் மாற்றமில்லை.

அரக்கோணம் வாத்தியார்:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. ஐயா எழுதிய ப்ரொப்பெல்லர் பகுதியை இன்று வகுப்பில் அப்படியே வாசித்தேன். 32 பிளேடு என்றதும் பின்வரிசைப் பையன்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். காந்தப்புலக் கருவி பற்றி மட்டும் ஏகப்பட்ட கேள்வி.

முதலில் பள்ளி சார்பில் கடிதம் எழுதப்போகிறேன். பொதுமக்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் என்பதைத் தனிக் கோரிக்கையாக, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடு பிறகு அனுப்பலாம் என்று எண்ணம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பிள்ளைகளின் அனுமதியும் தள்ளிப்போகும். ஐயா, கடிதம் யார் பெயருக்கு? என்னென்ன இணைக்க வேண்டும்? அப்பாவை எப்படிச் சேர்ப்பது?

ஆல்பட்ராஸ் 312:

பிரிச்சு அனுப்பறதுதான் சரி சார். பள்ளி லெட்டர்ஹெட்ல, தலைமை ஆசிரியர் கையெழுத்தோட, கமாண்டிங் ஆபீசர், ஐஎன்எஸ் ராஜாளின்னு எழுதுங்க. சென்னையில இருக்கற தமிழ்நாடு, புதுச்சேரி கடற்படைப் பகுதித் தலைமையகத்தோட மக்கள் தொடர்பு அதிகாரிக்கு ஒரு நகல். வெளியே அழைச்சிட்டுப் போறதுக்கு உங்க கல்வித்துறை அனுமதியை முன்னாடியே வாங்கி அதையும் இணைச்சிடுங்க. டிசம்பர் 4 கடற்படை தினம். அதையொட்டின நாள்கள்ல பள்ளிக்காரங்களை வரவழைக்கிற மனநிலை இருக்கும், அதனால ரெண்டு மூணு மாசம் முன்னாடியே கடிதம் போய்ச் சேரட்டும். ஒரே தேதியைக் கேட்காதீங்க, மூணு தேதி குடுங்க.

பேர் லிஸ்ட் ஆதார்ல இருக்கறபடியே இருக்கணும், இனிஷியல் உள்பட. ஒரு எழுத்து மாறினா அந்தப் பிள்ளையை கேட்லயே நிறுத்துவாங்க, அழும். பஸ் நம்பர், டிரைவர் லைசென்ஸ் நகல் வேணும். போனெல்லாம் பள்ளியிலேயே வச்சிட்டு வரச் சொல்லுங்க. போட்டோ அவங்களே எடுத்துத் தந்தா உண்டு. எதைப் பார்க்கணும், ஏன் பார்க்கணும்னு அரைப் பக்கம் தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எழுதி வைங்க. அந்தக் காந்தக் கருவி, ப்ரொப்பெல்லர், சோனோபாய்னு குறிப்பாக் கேட்டா, விளக்கிச் சொல்ற ஆளைத் தயாரா நிறுத்துவாங்க. பதில் வரலைன்னா ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எழுதுங்க. கமாண்டிங் ஆபீசர்கள் மாறிக்கிட்டே இருப்பாங்க, புதுசா வந்தவர் மேஜையில பழைய கடிதம் இருக்காது.

அப்பாவைப் பிள்ளைங்க லிஸ்ட்ல சேர்க்காதீங்க. தனித்தாள்ல, கூட வர்ற பெரியவர்னு அவர் பேர், வயசு, ரயில்வே ஓய்வூதிய அட்டை நகலோட வச்சு, லோகோ ஷெட்ல எத்தனை வருஷம் வேலை பார்த்தார்ங்கறதையும் ஒரு வரி எழுதுங்க. படிக்கற இன்ஜினியரிங் ஆபீசருக்கு அந்த ஒரு வரி போதும். வெயில்ல நடக்க வேண்டியிருக்கும், தொப்பியும் தண்ணி பாட்டிலும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.